ரோசம்மாள் அமுக்கிய ஹாரன்

சென்ற வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் என் வலது பக்கம் விழுந்துவிட்டது. மயிலாப்பூரில் வக்கீல் ஐயா வீட்டு மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாளி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. பாரிசவாயு என்றார் டாக்டர்.

ஸ்டீரிங் பிடித்த கை, சோற்றைக்கூடப் பிசைய முடியாமல் மடியில் கிடந்தது. எனக்கு வேறு தொழில் தெரியாது. சாந்தோம் கோவில் மணி அடிக்கும்போதெல்லாம், "சேசுவே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று அழுவேன்.

என் மனைவி ரோசம்மாள் அழவில்லை. சாயந்தரமானால் ஜெபமாலையை என் செத்த விரல்களுக்குள் திணிப்பாள். ஒவ்வொரு மணிக்கும் தன் விரலால் என் விரலை அழுத்தி நகர்த்துவாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"இன்னாடீ, மாதா வந்து காரு ஓட்டுவாங்களா?"

"அவுங்க இன்னாத்துக்கு ஓட்டணும்? நீ ஓட்டு. மொதல்ல இந்த மணியப் புடி."

மாதா கைவிடவில்லை. கால் வந்தது. மெல்ல மெல்லக் கையும் வந்தது. ஐயாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை ஓட்டிக் காட்டினேன். ஸ்டீரிங், கியர், பிரேக் எல்லாம் சரி. ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கினேன். 'புஸ்' என்றது. வலது விரல்களில் அவ்வளவு பலம் இல்லை; இடது கையை ஸ்டீரிங்கை விட்டு எடுக்கவும் முடியாது.

"அந்தோணி, மாட வீதியில ஹாரன் இல்லாம எப்படிடா வண்டி விடறது? மனுஷா உசுரு விளையாட்டா?" என்றார் ஐயா.

நியாயம்தான். வண்டியை விட்டு இறங்கினேன்.

வாசலில் நின்ற ரோசம்மாள் முன்னால் வந்தாள். "அமுக்கத்தானே ஐயா ஆளு வேணும்? நான் பக்கத்துல குந்திக்கினு அமுக்கறேன்."

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாளே ஹாரன் குழாயை நீட்டி, பந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் கட்டவைத்தார். அந்த நல்ல மனமும் ஜெபத்தின் பலன்தான்.

கச்சேரி ரோடே எங்களை வேடிக்கை பார்த்தது. ஆட்டுக்கு ஒரு 'பாம்', ஜட்காவுக்கு ஒரு 'பாம்', லஸ்ஸில் சும்மா நின்றுகொண்டிருந்த டிராமுக்கும் ஒரு 'பாம்'. பின்சீட்டில் ஐயா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

மாதா திருநாளன்று ஐயாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். சாந்தோம் கோவில் வந்ததும் ரோசம்மாள் பந்தை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதே நேரம் ஒரு மீன்காரி தலையில் கூடையோடு குறுக்கே இறங்கினாள்.

'பாம்!'

மீன்காரி பின்னால் துள்ளினாள். பிரேக் போட்டேன். "கண்ணு கீதா இல்லியா?" என்று அவள் திட்டியது எனக்குப் பாட்டாகக் கேட்டது.

ஏனென்றால் ரோசம்மாளின் கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. பந்தின்மேல் இருந்தது என் வலது கை. வண்டியை ஓரங்கட்டி, ஐயா இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இப்போது பந்து பழைய இடத்துக்குப் போய்விட்டது. தினமும் நானே அமுக்குகிறேன்.

சகோதரரே, சகோதரிகளே, உங்கள் விரல் அசையாவிட்டால் வீட்டில் அசைகிற ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுங்கள். நான் என் கையைத்தான் கேட்டேன். அது வருகிறவரைக்கும் மாதா தம் கையையே எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நான் ரோசம்மாளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.