குழாயில் பாதித் தண்ணீர்

பாசன அலுவலகத்து ஜீப் வரப்போரம் வந்து நின்றாலே போதும், "அளவுக்காரம்மா வந்துட்டாங்க" என்று வயலுக்கு வயல் குரல் போகும். பயிர்களுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று மதிப்பிடுவதுதான் அவள் வேலை. இளவயதில் சேர்ந்தவளுக்கு இப்போது பாதித் தலை நரைத்துவிட்டது. "தாகமா இருக்கு, தண்ணி குடுன்னா எத்தனை லிட்டர்னு கேப்பா இவ" என்று அவளுடைய அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அண்ணன்தான் அந்தக் கோடையில் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீரை அளக்க மீட்டர் கிடையாது. கரண்ட் மீட்டர் மட்டும் உண்டு. பம்பு இவ்வளவு கரண்ட் இழுத்தால் இவ்வளவு தண்ணீர் இறைத்திருக்கும் என்று ஒரு விகிதம் வைத்துக்கொண்டு, மொத்தத் தண்ணீரையும் அவள் மதிப்பிடுவாள். பல வருஷங்களுக்கு முன்னால் வயல்வயலாக அலைந்து அந்த விகிதத்தைக் கண்டுபிடித்ததும் அவளேதான். அந்தக் கோடையில் போட்ட கணக்கு, அனுமதித்த அளவைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. தாண்டினால் மழை வரும்வரை பம்புகளுக்குக் கரண்ட் கிடையாது என்பது விதி. நகரத்துக் குடிநீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. விதியைக் குறை சொல்லவும் வழியில்லை.

வயல்களில் மக்காச்சோளம் கதிர் விட்டு, மணி பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீரை நிறுத்தினால் மிஞ்சுவது வெறும் தட்டைதான்.

அண்ணிதான் போன் செய்தாள். "உங்க அண்ணன் சோத்துல கையே வைக்கல. நீ போட்ட கணக்காமே, நிஜமா?"

"ஆமா அண்ணி."

"அதுல தப்பு வர வாய்ப்பே இல்லையா?"

"இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயிரிட்ட பரப்பு போன வருஷத்தைவிட ஒரு சாண் கூடவில்லை. வெயிலும் அதே வெயில்தான். அப்படியிருக்க, கூடுதலாக இறைத்த தண்ணீர் எங்கே போயிற்று? பயிர் குடிக்கவில்லை என்றால் வாய்க்காலிலாவது தேங்கி நிற்க வேண்டுமே!

மறுநாள் காலை ஜீப்பை அண்ணன் வயலுக்கு விடச் சொன்னாள். அவளைப் பார்த்ததும் அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் வாய் நிறையத் தண்ணீரைத் தள்ளிய குழாய் அது. இப்போது பாதிக் குழாய்க்குத்தான் வந்துகொண்டிருந்தது.

"என்னண்ணா, தண்ணி இவ்ளோதான் வருதா?"

"ஏன், உன் கணக்குல கொட்டோ கொட்டுன்னு கொட்டுதா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. எப்பலேருந்து இப்படி?"

"கிணத்துல தண்ணி அடிக்குப் போயிடுச்சு. எந்நேரமும் மோட்டாரை ஓட விட்டாத்தான் வயலே நனையுது. கரண்ட்தான் ஓடுது, தண்ணி எங்க ஓடுது?"

அவளுக்குப் பொறி தட்டியது. ஆழத்திலிருந்து இழுக்க இழுக்க, கரண்ட் கூடும், தண்ணீர் குறையும். தண்ணீர் மேலே இருந்த காலத்து விகிதத்தை வைத்துக்கொண்டு இன்றைய கிணற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள்! அங்கேயே ஒரு பீப்பாயைக் குழாய்க்கடியில் வைத்தாள். ஜீப் டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பீப்பாய் நிறையவே மாட்டேன் என்றது. "ஏம்மா, அடியில ஓட்டை கீட்டை இருக்கா?" என்று அவன் குனிந்து பார்த்தான்.

நேரே அலுவலகத்துக்கு, பொறியாளரிடம் போனாள். "சார், என் மதிப்பீடு தப்பு" என்றாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேல சொல்லியாச்சேம்மா! நாளைக்குக் காலையில கரண்டை நிறுத்தப் போறாங்க. எங்க போய்ப் பாத்தீங்க?"

"எங்க அண்ணன் வயல்ல."

"நல்லாயிருக்கு போங்க. தங்கச்சி அண்ணனுக்காகக் கணக்கை மாத்துனாங்கன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?"

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. "எங்க அண்ணன் வயலைக் கழிச்சிடுங்க சார். நீங்க கைகாட்டுற பம்புல அளக்கிறேன். நீங்களும் கூட வாங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று முழுக்க ஜீப் அலைந்தது. பொறியாளர் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கைகாட்டினார். ஆற்றோரத்துப் பம்புகள் பழையபடி தண்ணீரைக் கொட்டின. அந்த அளவுகளையும் அவள் குறித்துக்கொண்டாள். மேட்டுப் பக்கம் ஏற ஏற, குழாய்கள் முனகின. ஒரு இடத்தில் பொறியாளரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பீப்பாயைப் பிடித்தார். நிறைவதற்குள் அவருக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் இருவரும் அலுவலகத்தில் உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போட்டார்கள். அவள் ஒரு முறை கூட்டினாள், அவர் ஒரு முறை கூட்டினார். மொத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, ஒட்டினாற்போல.

"அப்பாடா!" என்று பொறியாளர்தான் முதலில் மூச்சு விட்டார். "எனக்கும் ரெண்டு நாளா தூக்கமில்லம்மா. நல்ல வேளை, நாளைக்கு வராம இன்னைக்கே வந்தீங்க." உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கேட்ட திட்டுகளுக்கெல்லாம் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சிரித்த முகத்தோடு தலையாட்டினார். கரண்ட் நேரத்தைக் கொஞ்சம் குறைப்பது, அறுவடைவரை நிறுத்துவதில்லை என்று முடிவாயிற்று.

அண்ணிக்குச் சொன்னபோது மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு போன் கைமாறியது.

"நான்தான் பேசறேன்" என்றார் அண்ணன்.

"தெரியுது."

"கோவத்துல ஏதாவது சொல்லியிருப்பேன்."

"நீ எங்கண்ணா சொன்ன? நீதான் இன்னைக்குக் காலையில வரைக்கும் பேசவே இல்லையே." இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் குரலைத் தணித்தாள். "ஆனா கிணத்துத் தண்ணி இவ்ளோ கீழ போனது நல்லதுக்கில்ல. அடுத்த தடவை சோளத்தைப் பாதியாக் குறைச்சுக்கோ."

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று இழுத்தார். பிறகு, "சரி, குறைச்சுக்கறேன்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பேச்சுக் குரலே கேட்காததால் டிரைவர் திரும்பிப் பார்த்தான். சேற்றுக் காலோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிப்போயிருந்தாள். அவள் வீட்டு வாசலில் வண்டியை மெதுவாக நிறுத்தினான். உள்ளேயிருந்து வந்த அவள் கணவரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எழுப்ப இருவருக்கும் மனசு வரவில்லை.