கிரேன்காரர் விழுங்கிய மூன்று மாத்திரை

பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கொக்கு என்றால் கட்டட வேலை நடக்கும் இடமே கைகாட்டும். இருபது வருடமாக அறுபது மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினில் உட்கார்ந்திருக்கிறவர். கழிப்பறைக்கு இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும் என்பதால் பகலில் தண்ணீரைத் தொடமாட்டார். வயிறு மலச்சிக்கலால் பழிவாங்கியது.

"என்ன அண்ணே, இன்னிக்காவது கதவு திறந்துச்சா?" என்று தங்கை தினமும் போனில் வாருவாள். அவருக்கு இருந்த ஒரே சொந்தம் அவள்தான்.

அந்தத் தங்கை இதயம் கெட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் கிடந்தாள். நாளை மாலை நான்கு மணிக்கு விழிக்க வைப்போம், ஐந்து வரை கூட இருங்கள், பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே கிடந்ததில் கொக்குக்கு நாலு நாளாக வயிறு கல். மருந்துக்கடை அம்மா மலமிளக்கி மாத்திரை கொடுத்தார். படுக்கும்முன் ஒன்றே ஒன்று, தண்ணீர் நிறைய. வேலை செய்யப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட்டு மேலே போடாதீர்கள், ஒரு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள், கடும் வலியோ வாந்தியோ இருந்தால் மாத்திரை வேண்டாம், டாக்டரிடம் போங்கள் என்றார். கொக்கு தலையாட்டினார். தலையாட்ட என்ன செலவு?

அன்றிரவு பதினொரு மணிக்கு ஒன்று போட்டார். காலை எட்டுக்கும் வயிறு அசையவில்லை. கேபினில் கைப்பிடியை நகர்த்தினால் அந்த நொடியே கீழே சுமை நகரும். நகராவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளுவார். கை பழகிய பழக்கம். மூன்றைச் சேர்த்து விழுங்கினார்.

மூன்றே முக்காலுக்கு வயிறு முறுக்கியது. வார்டு வாசலில் நின்ற நர்ஸிடம் சொல்லிவிட்டு ஓடினார். வார்டு கதவு திறந்தபோது அவர் மாடிப்படிக்கு அடியிலிருந்த கழிப்பறையில் இருந்தார். எழுந்து நாலடி வைப்பார், திரும்ப ஓடுவார். முதல் தடவை அவருக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை அழுதுகொண்டே ஓடினார்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சுவரைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். நர்ஸ் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நர்ஸின் முகத்தைப் பார்த்ததுமே தங்கை போய்விட்டாள் என்று கொக்குக்குப் புரிந்துவிட்டது.

"கண்ண முழிச்சதும் அண்ணன் எங்கன்னு கேட்டாங்க. டாய்லெட்ல இருக்காருன்னு சொன்னேன்."

"அவ என்னம்மா சொன்னா?"

"'அப்பாடா, நிதானமா வரட்டும்'னாங்க. சிரிச்சாங்க சார்."

கொக்கு கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் சூடு இருந்தது. ஐந்து மணியானது. நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய காவலாளி வாசல்வரை வந்தார், பார்த்தார், சொல்லாமலே போனார்.