ஜாகாவின் தோள்

புந்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு ஒரு ஜாகா காவல் இருந்தார். ஐம்பது தாண்டியவர், என்னைவிடச் சற்று இளையவர், ஒல்லி. யூனிபார்ம் சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கும். வேலை முடிந்ததும் பிள்ளைகள் விளையாடும் கம்பியைப் பிடித்துத் தொங்குவார், சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பார். ஆண்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏன் தம்பி, இந்த வயசுல?”

“தோளு அகலமாகணும்லா அக்கா. பார்த்தாலே திருடன் பயப்படணுமாம். புது சூப்பர்வைசர் அடுத்த வாரம் மறுபடி வந்து பார்ப்பாரு. இப்படியே இருந்தா வேலை இல்லைன்னுட்டாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிப்ட் கெட்டபோது மேல்மாடி நோயாளி அம்மாவைக் கீழே சுமந்து வந்த தோள் அது! அதை அளந்து பார்க்க அந்த சூப்பர்வைசர் யார்? ஒரு வாரத்தில் எவனுக்குத் தோள் விரியும்?

“சட்டையைக் கொடுங்க தம்பி.”

ரவிக்கை தைத்த கை எனக்கு. இரண்டு தோளிலும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் வந்து ஏற இறங்கப் பார்த்தார்.

“பாகுஸ், ரொம்ப நல்லாருக்கு! இப்பதான்யா ஜாகா மாதிரி இருக்கே.”

“எல்லாம் எக்சர்சைஸ்தான் சார்.”

பஞ்சைப் பார்த்துப் பாராட்டிய சூப்பர்வைசர்மேல், மாடிப்படியில் நின்ற எனக்குக் கோபம் பொங்கியது. ஜாகாவின் முகம் மட்டும் எப்படிச் சுளிக்காமல் இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.