பாதி இறங்கிய ஷட்டரும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளில் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் இறுதி ஊர்வலம் வேலந்தாவளம் கடைவீதி வழியே போனபோது, ஊர் வழக்கப்படி எல்லாக் கடைகளும் ஷட்டரைப் பாதி இறக்கி மரியாதை செய்தன. அப்பா மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற வங்கி மட்டும் முழுதாகத் திறந்து கிடந்தது. "இத்தன வருசம் ஒழைச்ச மனுசனுக்கு இதுதானா மருவாதி?" என்று அத்தை என்னிடமே கேட்டார். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பா பிறந்தது கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னையும் கடலையும் போட்ட குடும்பத்தில். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, தாத்தா கிணறு வெட்டச் சேமித்து வைத்திருந்த வங்கி ஒரே நாளில் மூடப்பட்டது. கதவில் ஒட்டியிருந்த மலையாள நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல் தாத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பல வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ வந்தது. கிணறு வரவில்லை. அப்பாவின் படிப்பு தடுமாறியதும், பெரியப்பா பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்ததும் அதனால்தான். பணத்தைத் தொலைத்த வங்கித் தொழிலிலேயே போய் வேலை தேடிக்கொண்ட ஆள் என்று பெரியப்பா அப்பாவைக் கேலி செய்வார்.

அப்பாவுக்கு அந்தப் பழைய கதை ஆறவே இல்லை. வங்கிகள் விழுந்த வரலாற்றையும், நாட்டின் மைய வங்கி எதைத் தாங்கிப் பிடித்தது, எதைக் கைவிட்டது என்பதையும் தேடித் தேடிப் படித்தார். அப்படிப்பட்ட மூடல்களுக்குப் பிறகுதான் வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு வந்தது, தள்ளாடும் சிறு வங்கிகளைப் பெரிய வங்கிகளோடு சேர்த்துவிடும் வழக்கமும் பலப்பட்டது என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "இது சாப்புடற நேரத்துல பேசற பேச்சுங்களா?" என்று கேட்ட நாளும் உண்டு. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டாருக்குக் கரண்டு இல்லாமல் நிற்கிற வங்கிக்கு மைய வங்கி கரண்டு கொடுக்கும். கிணறே வற்றியிருந்தால் அதற்கு வைத்தியம் வேறு என்பது அப்பாவின் விளக்கம்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் அது. வங்கிக்குப் பக்கத்து உரக்கடைக்காரர் காலமானார். வெளியூர் மேலாளராக இருந்திருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டார். அப்பா உள்ளூர்க்காரர் ஆயிற்றே, பிணம் எடுக்கும்வரை ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சந்தை நாள் என்பதை யோசிக்கவில்லை. மாடு விற்கத் தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்தவர்களுக்கு உரக்கடைச் சாவு தெரியாது. அவர்கள் கண்டது பாதி மூடிய வங்கியைத்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஊரில் ஒரு நிதி நிறுவனம் திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்திருந்தது. அப்போது வாட்ஸ்அப் கிடையாது. வங்கியும் விழுந்துவிட்டது என்ற வதந்திக்குச் சந்தையே போதுமானதாக இருந்தது. மதியத்துக்குள் வங்கி வாசலில் நிற்க இடமில்லை. அப்பா ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார். தூக்கியதும் கூட்டம் இன்னும் கூடியது.

வங்கியிடம் அரசுப் பத்திரங்கள் இருந்தன. அந்த நேரத்துக்கு வேண்டிய ரொக்கம்தான் இல்லை. பக்கத்துச் சித்தூர், பொள்ளாச்சிக் கிளைகளுக்கும் பேச்சுப் பரவிவிட்டதால் தலைமை அலுவலகம் மைய வங்கியின் கதவைத் தட்டியது. இங்கே பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. அப்பாவின் பேச்சை நம்பி, தன் மகளான அக்காவின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததையெல்லாம் அங்கேதான் போட்டிருந்தார் பெரியப்பா. அவர் முறை வரும்போது கொடுக்கப் பணமில்லை. தாத்தாவைப் போலவே அவரும் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கெணத்துல தண்ணி இருக்குதுங்ணா. கரண்டுதான் இல்ல. நாளைக்கு வந்துருமுங்ணா."

"வராட்டி, புள்ள கல்யாணத்த உன்ற பேச்சுலயா நடத்தறது?"

அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு மைய வங்கி கடன் கொடுத்தது. மறுநாள் காலை பாலக்காட்டிலிருந்து பண வண்டி வந்தது. பின்வாசலில் நிறுத்த வந்த டிரைவரை அப்பா தடுத்து, கடைவீதி வழியாக மெதுவாக வந்து முன்வாசலில் நிறுத்தச் சொன்னார். பெட்டிகள் எல்லோர் கண் முன்னும் இறங்கின. வரிசையில் பாதிப் பேர் அப்படியே கலைந்துபோனார்கள். பெரியப்பா தன் பணத்தை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு போனவர், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே திரும்பி வந்தார். "இந்தா, நீயே வெச்சுக்க. இத ஊட்டுல வெச்சுட்டு யாரு தூங்கறது?" என்று மேசை மேல் வைத்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். தை மாதம் அக்கா கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. அப்பா இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வங்கி அந்தக் கடனை விரைவிலேயே அடைத்துவிட்டது. ஷட்டரை ஏன் இறக்கினீர்கள் என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் அப்பா உள்ளதைச் சொல்ல, அவர் சிரித்துவிட்டு எச்சரிக்கையோடு விட்டார். பின்னாளில் அந்த வங்கி பெரிய வங்கி ஒன்றோடு இணைந்தது. பணம் போட்டவர் யாருக்கும் ஒரு காசு போகாமல் அப்பா ஓய்வு பெற்றார். அதைவிடப் பெரிய நிம்மதி அவருக்கு வேறு இருந்ததில்லை.

பாலக்காட்டு மருத்துவமனையில், மூச்சு வாங்கிய கடைசி நாட்களில், என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "நான் போறன்னைக்கு பேங்க் ஷட்டர இறக்க உட்றாத சாமி. சந்த நாளா இருந்தா சனம் பயந்துக்கும்." நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் போனது சந்தை நாளில்தான்.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய சொந்தங்களுக்கும், தம்பியை வழியனுப்பத் தள்ளாத வயதில் நடந்தே வந்த பெரியப்பாவுக்கும், கடையைப் பாதி மூடி மரியாதை செய்த வீதிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா கடந்து போகும்வரை வாசலில் வரிசையாக எழுந்து நின்று, நான் கேட்டுக்கொண்டபடி ஷட்டரை மட்டும் இறக்காமல் இருந்த வங்கி ஊழியர்களுக்கு என் தனி நன்றி.