மாதா படத்தை ஒட்டி நான் மறைத்தது

பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டவர் என் மகளின் கண்ணைத் திருப்பித் தந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கண்ணுக்கு ஆபத்தைக் கொண்டுவந்தது யார் என்பதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது, பெருமை பேசியதாகிவிடும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

நாங்கள் பல்லேபொலயில் இருக்கிறோம். கணவர் செபஸ்தியான் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். ஒரே மகள் ரொஷானி. எட்டு வயது. ஞாயிறு பூசைக்கு மாத்தளைக்குப் போக எங்களுக்கு ஆட்டோதான். மழை பெய்தால் இரண்டு பக்கமும் நனைந்துகொண்டு போய் இறங்குவோம். கோயில் வாசலில் மற்றவர்கள் காரில் வந்து இறங்குவதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் புகைச்சல். எங்களுக்கும் ஒரு கார் வேண்டும் என்று செபமாலை சொன்னதும் உண்டு. போன வருடம் அதுவும் கிடைத்தது. ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழகிய சின்னக் கார். பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தந்தார்.

முன் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்க இறக்கிவிடுகிற மடிப்புப் பலகை இருக்கிறதல்லவா, அதில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ஜப்பான் எழுத்து. பக்கத்தில் சீட்டில் இருக்கிற ஒரு குழந்தையின் படம். அந்தக் குழந்தைக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"என்னங்க, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கணவரைக் கேட்டேன்.

"எனக்கு என்ன ஜப்பான் பாஷையா தெரியும்? உரிச்சிடாத. ஒரிஜினல் ஸ்டிக்கர், நாளைக்கு விக்கப் போனா அதைத்தான் பாப்பாங்க."

உரிக்கவில்லை. மாதா படம் ஒன்றை அதே அளவுக்கு வெட்டி அதன் மேல் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. குழந்தையையும் சிவப்புக் கோட்டையும் புரிந்துகொள்ள ஜப்பான் பாஷை தெரிய வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம் ரொஷானிக்கு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் பூசை. கண்டியில் தைத்த வெள்ளைக் கவுன். இடுப்பில் பட்டு நாடா, கீழே விரிந்து நிற்கிற வலைத்துணி. அன்று காலை அவள் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்தாள். நான் விடவில்லை. பின்னால் நானும் விருந்துக்கு வாங்கிய கேக் பெட்டியும் போதும், அவள் இருந்தால் கவுன் நசுங்கும் என்றேன். அது பாதிக் காரணம்தான். கோயில் வாசலில் கார் நிற்கும்போது முன் கண்ணாடி வழியாக என் பிள்ளை வெள்ளை உடுப்போடு எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது மீதிப் பாதி.

கணவர் அவளுக்கு பெல்ட்டை இழுத்தார்.

"போட வேணாங்க, கசங்கிடும். இந்தா இருக்கிற மாத்தளைதானே. மாதா மேலயே இருக்காங்க, பாத்துக்குவாங்க."

அவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு பெல்ட்டை விட்டுவிட்டார்.

பலாபத்வலையில் யாழ்ப்பாண ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே வந்தது. கணவர் பிரேக் போட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் லைட் கம்பத்தில் முட்டியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு கீறல் இல்லை, கேக் கூட உடையவில்லை. ஆனால் முன்னால் வெடி போட்டது போல ஒரு சத்தம். எயார்பேக் திறந்தது. பிரேக்கோடு முன்னால் சரிந்த என் பிள்ளையின் முகத்தில் அது அறைந்திருந்தது.

"அம்மா, ஒரு பக்கம் இருட்டா இருக்கும்மா" என்றாள். அழக்கூட இல்லை. கவுனில் ரத்தம்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கண்டிக்கு அனுப்பினார்கள். வலது கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அது தானாக வடிய வேண்டும், அதுவரை தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும், மறுபடி கசிந்தால் பார்வை போகலாம் என்று டொக்டர் அம்மா சிங்களத்தில் சொன்னார். பிறகு பிள்ளை எங்கே இருந்தாள், பெல்ட் போட்டிருந்தாளா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஏசியிருந்தால் தேவலை. ஏசாமல் பொறுமையாக விளக்கினார்.

எயார்பேக் வளர்ந்த ஆளின் நெஞ்சைக் காப்பாற்றச் செய்தது, சின்னப் பிள்ளைக்கு அது முகத்தில்தான் அடிக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை பின் சீட்டுதான், அதுவும் பெல்ட்டோடு. அதற்குப் பிறகும் முதுகு சீட்டில் ஒட்டி, கால் கீழே பதிந்து, பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் விழுகிற உயரம் வந்தால் மட்டுமே முன்னால் வரலாம். கைக்குழந்தையை மடியில் வைத்து முன்னால் உட்காருவது எல்லாவற்றிலும் மோசம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "வாகனத்திலேயே படம் போட்டு ஒட்டியிருப்பார்களே, பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

இதைவிடக் கேவலமான ஒன்றை இப்போது சொல்கிறேன். பார்க்க வந்த நாத்தனார் ஜெசிந்தா நேராகத் தன் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைய வச்சிக்கிட்டு இப்பிடியா ஓட்டுவ? உனக்கெல்லாம் எதுக்கு கார்?" அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்பது போலத் தலையும் ஆட்டினேன். வந்தவர்கள் எல்லாம் அவரை ஏசினார்கள், என்னைத் தேற்றினார்கள்.

என்னால் செபிக்க முடியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் 'அருள் நிறைந்த மரியே' என்றதோடு நின்றுவிடுவேன். என் பிள்ளையைக் காக்க ஒட்டியிருந்த எச்சரிக்கையை மாதாவின் முகத்தைக் கொண்டே மூடிவிட்டு, அதே மாதாவிடம் எப்படிக் கண் கேட்பது? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசியில் இப்படிக் கேட்டேன்: "தாயே, கண்ணைக் கேட்க எனக்கு முகம் இல்லை. உண்மையைச் சொல்ல முதலில் எனக்கு வாயைத் தாரும்."

அந்தச் செபம் அடுத்த நாளே கேட்கப்பட்டது. ஜெசிந்தாவும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள் சிலரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மறுபடி அவருக்கு ஏச்சு ஆரம்பித்தது.

"நிறுத்து ஜெசிந்தா. அவரு பெல்ட் போடப் போனாரு. வேணாம்னு தடுத்தது நான். கவுன் கசங்கிடும்னு தடுத்தேன். முன்னுக்கு வச்சதும் நான்தான்."

கணவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கை இல்லையா? நான் போட்டிருக்கலாமே." அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செபமாலை சொன்னோம். தடங்கல் இல்லாமல் முடிந்தது.

ரத்தம் மெல்ல வடிந்தது. மறுபடி கசியவில்லை. கண்ணுக்குப் போட்டிருந்த மறைப்பை எடுத்த நாளில் டொக்டர் அவளது நல்ல கண்ணைக் கையால் மூடி, என்ன தெரிகிறது என்று கேட்டார். ரொஷானி என்னையே பார்த்தாள்.

"அம்மா தலையே சீவல" என்றாள்.

அங்கேயே முழந்தாளிட்டேன். உண்மை சொன்னதற்குக் கூலியாகத்தான் கண் கிடைத்தது என்று நான் நினைக்கவில்லை. ஆண்டவர் கடை வைத்திருக்கிறவர் இல்லை. தகுதி இல்லாதவளுக்கு இரக்கம் காட்டினார், அவ்வளவுதான்.

காரைத் திருத்தி எடுத்ததும் அந்த மாதா படத்தை உரித்தேன். ஸ்டிக்கரில் பாதி கூடவே கிழிந்து வந்தது. குழந்தையும் சிவப்புக் கோடும் மிஞ்சின. அதை அப்படியே விட்டிருக்கிறேன். மாதா படம் இப்போது முன் சீட்டின் முதுகில், பின்னால் இருக்கிற மகளுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. அவள் உயரத்துக்கு பெல்ட் சரியாக விழுவதற்கு டொக்டர் சொன்ன சின்ன ஆசனமும் வாங்கினோம்.

பாதர் இன்னொரு ஞாயிறு முதல்நன்மை கொடுக்கச் சம்மதித்தார். அதே கவுன்தான். கறை முழுதும் போகவில்லை. பின் சீட்டில் நானே பெல்ட்டை மாட்டினேன்.

"கசங்குமேம்மா?"

"கசங்கட்டும்."

பீடத்துக்கு அவள் நடந்து போகும்போது தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட்டின் தடம் கவுனில் விழுந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே பெல்ட்டையும் மாட்டுங்கள், அவர் தந்த எச்சரிக்கையை அவர் தாயின் படத்தாலேயே மூடாதீர்கள். கோயில் வாசலில் கார் நிற்கும்போது பிள்ளை முன் கண்ணாடியில் தெரிய வேண்டியதில்லை. பின் கதவைத் திறந்து, தன் காலால் இறங்கி வந்தால் போதும்.