ஏ கிளாஸ் முழங்கால் பட்டை

சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்கு மேல்மாடியில் இஷ்ரத்தின் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், மூன்று நாற்காலி, அம்புட்டுதான். பி.பார்ம் படித்தவள். ஒரு மருந்துக் கம்பெனியில் பத்து வருசம் ஃபைல் சுமந்துவிட்டு, ஊரானுக்குச் சுமக்கிறதை நமக்கே சுமந்தால் என்ன என்று தனியாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வேலை இதுதான். மதுரையைச் சுற்றி பஞ்சு, பேண்டேஜ், இடுப்பு பெல்ட், டெஸ்ட் கிட் என்று செய்கிறவர்கள் எல்லாரும், தங்கள் பொருளால் எம்புட்டு ஆபத்து வரலாம் என்று கவர்மெண்டுக்குச் சொல்லியாக வேண்டும். ஏ, பி, சி, டி என்று நாலு கிளாஸ். ஆபத்து கம்மி என்றால் ஏ. தப்பினால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றால் டி. காயத்தைத் துடைக்கிற பஞ்சும், இதயத்துக்குள் வைக்கிற வால்வும் ஒரே வரிசையில் நிற்க முடியுமா?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பொருள் என்ன என்பது மட்டும் கணக்கில்லை. அது எதுக்கு என்று செய்கிறவன் என்ன சொல்கிறான் என்பதையும் பார்ப்பார்கள். வாயைக் கட்டினால் ஏ. வாயை விட்டால் கிளாஸ் ஏறும், பேப்பர் ஏறும், கேள்வி ஏறும். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

நம்ம ஊரில் போய் வாயைக் கட்டச் சொன்னால் நடக்குமா சாமி? காதுகுத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸில், மூக்கொழுகுகிற மூன்று வயசுப் பயலுக்கு 'தென்னாட்டுச் சிங்கமே' என்று பட்டம் கொடுக்கிற ஊர் இது. பஞ்சு உருண்டை செய்கிறவர் பெட்டியில் 'ஆறாத புண்ணையும் ஆற்றும்' என்று போடாமல் இருப்பாரா? இஷ்ரத் எம்புட்டோ சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில்தான் அவளுக்கு வழி பிடிபட்டது. "அண்ணே, இந்த வரியை எடுத்துட்டா ஏ கிளாஸ் கிடைக்கும்" என்பாள். அம்புட்டுதான், முகம் மலர்ந்துவிடும். ஏ என்றால் முதல் தரம் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். இவள் திருத்த மாட்டாள். கேட்கவில்லை, சொல்லவில்லை. அல்லா மன்னிப்பான் என்று ஒரு நம்பிக்கை.

அப்படித்தான் அவனியாபுரம் ராஜபாண்டியும் வந்தார். முழங்காலுக்கு மாட்டுகிற எலாஸ்டிக் பட்டை தைக்கிறவர். ஒரு ஆஸ்பத்திரி ரெண்டாயிரம் பட்டை கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதிவு நம்பர் கொடுத்தாக வேண்டும். வேலையில்லாமல் மூன்று மாசமாகப் பாதி மிஷின் தூங்குகிறது. இதுவும் போனால் தைக்கிற பதினோரு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெட்டியைப் பார்த்ததும் இஷ்ரத்துக்குத் தலை சுற்றியது. மீசையோடு ராஜபாண்டி படம். மேலே 'மூட்டு காத்த மாமன்னர்'. கீழே கொட்டை எழுத்தில், 'ஆபரேசன் இல்லாமலே பூரண குணம்!' வழக்கம்போல, அந்தக் குணமாகிற வரியை எடுத்தால் ஏ கிளாஸ் என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் மாடிப்படி அதிர வந்து நின்றார். மருந்து ஏஜென்சி பீமாராவ் யாரிடமோ ஏ என்றால் என்ன என்று விளக்கியதை, டீக்கடையில் நின்று கேட்டுவிட்டார்.

"ஏம்மா, ஏ-ன்னா ஆபத்தே கம்மின்னு அர்த்தமாமே? அப்ப என் பட்டை ஒன்னத்துக்கும் உதவாததா? செத்த பாம்பா?"

"ஆபத்து கம்மின்னா நல்லதுதானேண்ணே."

"என்னத்த நல்லது! ஊருக்குள்ள எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. டி போடு. அந்த வரியும் இருக்கட்டும்."

"அண்ணே, டி-ங்கிறது இதயத்துல வைக்கிற சாமானுக்கு. உங்க பட்டை முழங்கால்லதானே நிக்குது?" இஷ்ரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வரியோட என் கையால பதிய மாட்டேன். குணமாகும்னா, குணமானதுக்கு அத்தாட்சி கேப்பாக. இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு!" என்றார் ராஜபாண்டி. "கீழதான் நிக்கிறா. ரெண்டு வருசமா நம்ம பட்டையத்தான் மாட்டியிருக்கா. மீனா, மேல வா!"

அவர் மனைவி முத்துமீனா ஏறி வரக் கொஞ்ச நேரம் ஆனது. சுவரைப் பிடித்து, ஒரு படிக்கு ரெண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் வந்து நின்றபோது முகமெல்லாம் வேர்வை. இஷ்ரத் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்ன மதினி, கால் இப்படி வீங்கியிருக்கு! டாக்டர்ட்ட காட்டலையா?"

"எதுக்குத்தா?" என்றாள் முத்துமீனா. "ஆபரேசன் இல்லாமலே சரியாகும்னு பெட்டில போட்டிருக்குல்ல. ஆகும்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஏய், அது சும்மா விக்கிறதுக்குப் போட்டதுடி" என்றார் ராஜபாண்டி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

முத்துமீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே எழுதினீங்க? உங்கள நம்பாம வேற யார நம்புறதாம்?"

கீழே மண்டியில் யாரோ மூட்டை இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இஷ்ரத் லேப்டாப்பைத் திருப்பி, பயன்பாடு என்ற இடத்தில் 'முழங்காலைத் தாங்குவதற்கு' என்று ரெண்டே வார்த்தை அடித்துக் காட்டினாள். அவர் தலையசைத்தார், அவள் பதிந்தாள். நம்பர் வந்தது. ரெண்டாயிரம் பட்டையும் பிழைத்தது, பதினோரு பேரும் பிழைத்தார்கள்.

ராஜபாண்டி சந்தோசப்படவில்லை. மேஜை மேல் கிடந்த பெட்டியைக் கையில் எடுத்தார், தன் படத்தையும் அதன் கீழே இருந்த வரியையும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இதுவரைக்கும் நாலாயிரம் பெட்டி வித்திருக்கேனேம்மா."