ஹாக்கி டீமின் மறைவு ஆண்டு

அமெரிக்காவில் பனிக்கட்டித் தரைமேல் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்கிய சின்ன டீம் அது. பெரிய டீம்களில் இடம் கிடைக்காதவர்கள் ஆடினார்கள். முதலாளி மாறினார், பெயர் மாறியது, சீசன் பாதியிலேயே மூடிவிட்டார்கள். இது எனக்கு எதற்கு? அதன் பழைய ரசிகர்களுக்கான டி-சர்ட் ஆர்டர் நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுவதும் பிரிண்ட்டுக்குப் பொறுப்பும் என் தலையில்.

முதுகுப் பக்கம் டீமின் பெயர், அதன்கீழ் தொடங்கிய வருஷம், சிறு கோடு, முடிந்த வருஷம். சாம்பிள் சரியாக இருந்தது. பெருமாநல்லூர் பிரிண்டிங் பட்டறையில் பிரிண்ட் ஆகி மொத்தத் துணியும் வந்தபோது, கோட்டையும் முடிந்த வருஷத்தையும் காணோம். ஒரு பீஸில்கூட இல்லை. மறுநாள் தையலுக்கு ஏற வேண்டிய துணி. "சரக்கு நின்னா நீயும் நின்னுக்கோ" என்றார் மேனேஜர்.

துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெருமாநல்லூருக்கு ஓடினேன்.

"தெரிஞ்சுதானுங்க எடுத்தேன்," என்றார் பிரிண்டிங் மாஸ்டர். "ரெண்டு வருசம் போட்டு நடுவுல கோடு இழுத்தா கண்ணீர் அஞ்சலி போஸ்டருங்க. எவனாச்சும் முதுகுல ஒட்டீட்டுத் திரிவானுங்களா?"

"டீமை மூடிட்டாங்க மாஸ்டர். அதைத்தான் போடச் சொல்றாங்க."

"மூடுனதைய ஏனுங்க ஊருக்குச் சொல்லோணும்? தோத்துட்டே இருந்தாங்களா?"

"பாதி ஜெயிச்சாங்க. கூட்டம்தான் வரலீங்க."

"ஐஸ்மேல ஆடுனா எப்படிங்க வரும்? குளுராதா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வாங்கறவங்க அந்த ஊர்க்காரங்கதானுங்க. மூடினது தெரிஞ்சுதான் வாங்கறாங்க," என்றேன்.

மாஸ்டர் எழுந்து உள்ளே போனார். பிறகு, கோடும் அந்த ஒரு வருஷமும் மட்டும் உள்ள சின்ன அச்சு ஸ்கிரீன் செய்து தந்தார். "இழுக்கறது நீங்க. மறைவு போட என் கை வராதுங்க."

மை இழுக்கும் ரப்பர் கட்டையை நானே பிடித்தேன். ஏழு பீஸ் போட்டேன், ஏழும் கோணல்.

"தள்ளுங்க தம்பி," என்று கட்டையைப் பிடுங்கினார். "செத்தவனுக்கும் எழுத்து நேரா இருக்கோணுமுங்க."

மீதி எல்லாவற்றையும் அவரே போட்டார். துணி தையலுக்குத் தயாரானது, நானும் தப்பினேன். வண்டியில் ஏற்றும்போது கேட்டார்: "அந்த டீம்ல ஆடுன பசங்க இப்ப என்ன பண்றாங்க?"

"தெரியலீங்க மாஸ்டர்."

"இத்தனை படிச்சீங்க. அதையத்தானே மொதல்ல பாத்திருக்கோணும்?"